அக்கா ஒட்டிய உன்னிச்சைப் பம்பளிமாசு

பெருமதிப்புக்குரிய ஐயா, அம்மா,

எங்கள் அக்கா அவர்கள் மறைந்த முப்பத்தோராம் நாளில் இந்நினைவு மலரைக் கையில் வாங்கும் தங்களுக்கு அவருடைய வாழ்க்கையை எடுத்துரைப்பது இளையவனாகிய எனது கடமை. ஆயினும் அக்கடமையை அமைதியான மனத்துடன் செய்ய இயலவில்லை. அக்கா கண்ணுங் கருத்துமாய்க் காத்த ஒரு பழமரம் இன்று எங்கள் வளவில் இல்லை. அதன் இனம் தங்களில் எவருடைய வளவிலாவது உயிரோடு இருக்கின்றதா என்பதே எங்கள் இப்போதைய ஏக்கம். ஆகையால் வரலாற்றோடு அதனையும் சேர்த்தே எழுதுகின்றேன்.

அக்கா குருக்கள்மடத்தில் பிறந்தார். தந்தையார் வாவியில் தோணி வலித்து மீன்பிடித்தவர். எங்கள் வழக்கப்படி தாய்வீடு அக்காவுக்குச் சீதனமாயிற்று. நான் மணமுடித்து ஆரையம்பதியில் மனைவி வீட்டுக்குப் போனேன். அத்தான் இளவயதிலேயே காலமானார். கைக்குழந்தையோடு நின்ற அக்கா, இடியப்பம் அவித்து விற்றும், வயலில் வேளாண்மை வெட்டுக்குப் போயும் மகளை வளர்த்தெடுத்தார். யுத்தத்தில் இடம்பெயர்ந்து திரும்பிய ஒவ்வொரு முறையும் வீட்டுக் கூரையைப் பார்க்குமுன் மரங்களையே பார்த்தார்.

எங்கள் கிணற்று நீர் உவர். அதிலே தோடம்பழ மரம் மஞ்சளித்துச் செத்தது, தேசிக்காய் மரமும் செத்தது. வேலியோர நாரத்தை மட்டும் எதற்கும் அசையாது நின்றது. அக்கா அதனைக் கவனித்தார். ஊருக்கு வந்த விவசாயப் போதனாசிரியர் ஒருவரிடம் ஒட்டும் முறையைக் கேட்டறிந்து, நாரத்தைக் கன்றின் பட்டையைக் கீறி, வேறு மரத்தின் கண்ணை அதனுள் செருகிக் கட்டப் பழகினார். கண் என்பது இலைக்கணுவில் உறங்கும் அரும்பு. அவ்வாறே தோல் சுருங்கிய தேசியும், விரல்விரலாய்ப் பிரிந்த மலைநாட்டுக் காயும் எங்கள் உவர் மண்ணில் காய்த்தன. கட்டிய கண்ணை எவரும் நெருங்க விடமாட்டார்.

“தம்பி, கைய எடு. நீ பாக்கிற பார்வையிலயே அது கருகிரும்” என்பார்.

உன்னிச்சையில் எங்கள் பெரியப்பா முறையான வயோதிபர் ஒருவரின் வளவில், தோடையினத்தில் பெரும்பழம் காய்க்கும் பம்பளிமாசு மரமொன்று நின்றது. அதன் சுளை இரத்தச் சிவப்பு. கைப்பு என்பது துளியும் இல்லை. அக்கா அதில் ஒரு கொப்புக் கேட்டார்.

“கொப்பக் கொண்டுபோய் என்ன புள்ள செய்யப்போறாய்? பழத்தக் கொண்டு போ” என்றார் பெரியப்பா.

“பழம் நாளைக்கு முடிஞ்சிரும் பெரியப்பா. எனக்குக் கண்தான் வேணும்.”

ஈரச் சீலையில் சுற்றிய கொப்பை மடியில் வைத்து பஸ்ஸில் வந்தார். கட்டிய கண்களுள் ஒன்றைத் தவிர யாவும் கருகின. அந்த ஒன்றே எங்கள் கடப்படியில், வாசலோரம், மரமாகியது. பின்னர் உன்னிச்சையில் புதுவீடு கட்டியபோது தாய்மரம் வெட்டப்பட்டது. அன்றிலிருந்து அக்காவுக்கு நிம்மதி இல்லை. “ஒரு வளவில மட்டும் இரிந்தா ஒரு நாளையில இல்லாமப் போயிரும்” என்று சொல்லிச் சொல்லி, கல்யாணத்துக்கும் புதுவீட்டுக் குடிபூரலுக்கும் ஒட்டிய கன்றுகளையே கொடுத்தார். யாருக்கு எந்தக் கன்று என்பது அவருக்கு மட்டுமே தெரியும்.

சிறுநீரக நோய் முற்றி அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மகள் இரவும் பகலும் அருகிலேயே இருந்தார். வீட்டையும் மரங்களையும் பார்த்தவர் மகளின் கணவர். எங்கள் மருமகன் அயராது தண்ணீர் ஊற்றினார். ஒருநாள் மகிழ்ச்சியோடு வந்து சொன்னார்:

“மாமி, உங்கட கடப்படி மரம் இப்ப என்ன தளிர்ப்பு! புதுக் கொப்பு ஆள் உசரத்துக்கு மேல போயிற்று.”

அக்காவின் முகம் மாறிற்று. “எங்கால தளிர்த்திரிக்கி? மேலயா, கீழயா?”

“மேல கீழ எல்லாம் ஒரே பச்சைதான் மாமி.”

“கட்டுக்குக் கீழால வாறதக் கிள்ளிப்போடு மகன். அது நாரத்தை. அது என்ட மரமில்ல.”

“ஓம் மாமி, செய்யிறன்” என்றார். மறுநாள் அக்கா கண்மூடினார். அந்த அவலத்தில் கிள்ளுவதை யார் நினைப்பர்!

பிரேதப் பெட்டி எடுக்கும் வழியில் மேலே வெள்ளைத் துணி கட்டவேண்டியிருந்தது. ஒட்டுக் கன்றுகளுக்காக வெட்டி வெட்டி எஞ்சிய, கடப்படி மரத்தின் மெலிந்த கொப்பொன்று வழிமேல் சாய்ந்து நின்றது. முள்ளில் வெள்ளை மாட்டிக் கிழிந்தால் குறையென்று மருமகன் அதனைத் தறித்தார். வேலிப்பக்கம் நிமிர்ந்து, தழைத்து நின்ற கொப்பை மாமியின் மரமென்று கவனமாக விட்டுவைத்தார். எட்டாம் நாள் சடங்கு முடிந்து வாசல் கூட்டிய மகள், குனிந்து இலையைப் பார்த்தார்.

“மாமா, இஞ்ச ஒருக்கா வாங்க. இதெல்லாம் நாரத்தை இலை!”

சாய்ந்திருந்ததுதான் உன்னிச்சைக் கொப்பு. வேலிக்கப்பால் கிடந்த அதனைத் தேடியெடுத்து, அக்காவின் கத்தியாலேயே நானும் மகளும் கண் எடுத்துக் கட்டினோம். வெயிலில் காய்ந்த கண்கள் யாவும் கருகிவிட்டன. வெட்டிய இடத்தில் துளிர்க்குமோ என்று மகள் விடியுமுன்னே போய்ப் பார்க்கிறார். இதை எழுதும் இன்றுவரை ஒன்றுமில்லை.

இதனை மலரில் எழுதுவது மருமகனுக்கு வருத்தமாகுமோ என்று அஞ்சினேன். அவரோ, “நான் வெட்டினன் எண்டே எழுதுங்க மாமா. அப்பதான் மத்த ஆக்களும் தங்கட மரத்தப் போய்ப் பாப்பாங்க. மறைச்சு வைச்சா மாமிட மரம் திரும்ப வருமா?” என்றார். மாமியை இறுதிவரை மகன்போல் தாங்கியவர் அவர். அவர்மீது எவரும் ஒரு சொல்லும் சொல்லலாகாது.

அக்காவைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், சமைத்துத் தந்த அயலவருக்கும், பந்தலிட்டு வெள்ளை கட்டியோருக்கும், சடங்குகளில் எம்மோடு நின்ற உறவினர் யாவருக்கும் குடும்பத்தின் சார்பில் கைகூப்பி நன்றி கூறுகின்றேன்.

அக்காவின் கையால் கன்று பெற்றவர்கள் தயவுசெய்து இன்றே போய்ப் பாருங்கள். பம்பளிமாசின் இலைக்காம்பு, சிறிய இலையொன்று ஒட்டியதுபோல் அகன்றிருக்கும், நாரத்தைக்கு அவ்வாறிராது. அகன்ற காம்புள்ள கொப்பைக் கண்டால், மெலிந்ததாயினும் தறியாதீர்கள். கட்டுக்குக் கீழே முளைப்பதைக் கிள்ளிவிட்டு எங்களுக்கு ஒரு சொல் அனுப்புங்கள்; கத்தியோடு வருவோம். வெள்ளைச்சுளைப் பம்பளிமாசுக்கும் அதே இலைதான். எனவே பழம் பிளந்து உள்ளே சிவப்பைக் காணும்வரை எதுவும் நிச்சயமில்லை. அதற்கு ஆண்டுகள் ஆகலாம். நான் இருப்பேனோ தெரியாது. அதுவரை இம்மலரை எறிந்துவிடாமல் வைத்திருக்குமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கின்றேன்.