ஜெசிந்தா அக்கா ஏறாத மூன்றாவது மலை

பாடசாலைச் சமையலறையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தொலைபேசியைத் தொட எங்களுக்கு அனுமதியில்லை. அந்த வியாழக்கிழமை பாத்திரமெல்லாம் கழுவி அடுக்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது, ஜெசிந்தா அக்காவின் மகள் ஷெரின் ஐந்து தடவை கூப்பிட்டிருந்தாள். சும்மா ஐந்து தடவை கூப்பிடுகிற பிள்ளை அல்ல அவள். திருப்பி எடுத்தேன். "அன்ரி, அம்மா காலமை எழும்பேல்லை" என்றாள். ஏப்ரனைக் கழற்றாமலே பஸ்ஸுக்கு ஓடினேன்.

லண்டன் லூயிஷாமில் எங்கள் பங்கைச் சேர்ந்தவர்களுக்கு அக்காவை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பூசை முடிந்ததும் கோயில் வாசலில் சைக்கிளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, பிரசங்கத்தில் ஒரு சந்தேகம் என்று சுவாமியாரை மறித்து, அந்த மனிதரைச் சாப்பாட்டுக்குப் போகவிடாமல் நிறுத்தி வைத்திருப்பார். மன்னாரில் பிறந்தவர். அங்கே நீர்ப்பாசனத் திணைக்களத்தில் குளங்களுக்கும் வாய்க்கால்களுக்கும் படம் கீறியவர். இங்கே வந்து முதியோர் இல்லமொன்றில் வேலை பார்த்தார். அவரோடு ஆறு வருடம் மலைப்பாதைகளில் சைக்கிள் ஓடியவள் நான் ஒருத்திதான். அதனால் முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் அந்தப் பக்கத்தை என்னை எழுதச் சொன்னார்கள்.

எங்கள் முதல் பயணம் கென்ற் பக்கத்து டோய்ஸ் ஹில்லுக்கு. நூலகத்தில் வரைபடத்தைக் கறுப்பு வெள்ளையில் பிரதி எடுத்துக்கொண்டு வந்திருந்தார் அக்கா. அதில் எண்கள் எல்லாம் கரைந்துபோய்க் கிடந்தன. உயரம் காட்டும் வளைகோடுகள் மட்டும் நன்றாக விழுந்திருந்தன. "பதினாலு கோடு, றெஜி. பதினாலு அடி. ஒரு குளக்கட்டில ஏறுற மாதிரித்தான்" என்றார். மன்னாரின் தட்டை நிலத்தில் படம் கீறியவருக்கு ஒரு கோடு என்றால் ஓரடி. நானோ ஜெர்மனியில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு வந்தவள். சைக்கிளைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்ற எண்ணம் வேறு. கூடை வைத்த சைக்கிள்களில் இரண்டு பேரும் புறப்பட்டோம். இந்த நாட்டுப் படத்தில் ஒரு கோடு பத்து மீற்றர் என்பதை எங்கள் முழங்கால்கள்தான் எங்களுக்குச் சொல்லித்தந்தன. பாதி வழியில் எனக்குப் பொறுமை போய்விட்டது. "குளக்கட்டோ அக்கா இது?" என்று கத்தியே விட்டேன்.

அவர் வெட்கப்படவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. உச்சியில் ஒரு மரத்தடியில் குந்தி, பிரதியை மடியில் விரித்து, கோடுகளை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினார். புதையல் எடுத்தவர் மாதிரி முகம். "நாங்கள் அங்க அடுத்த கோட்டைத் தேடி அரை மைல் நடப்பம். இங்க பார், கலியாண வீட்டுப் பந்தி மாதிரி இடிச்சுக்கொண்டெல்லோ இருக்குது!" என்றார். பிறகு பிட்டும் சம்பலும் சாப்பிட்டோம். என்னுடைய கோபம் பிட்டோடு இறங்கிவிட்டது.

அதன்பிறகு சனிக்கிழமை மாலைப் பூசைக்குப் போவதும் ஞாயிறு காலையில் மலைக்குப் போவதும் எங்களுக்கு வழக்கமானது. இறுக்கமான உடுப்புப் போட்ட வெள்ளைக்காரர்கள் எங்களை முந்திக்கொண்டு போகும்போது, "இன்னும் கொஞ்சம்தான், விடாதீர்கள்" என்று உற்சாகப்படுத்துவார்கள். அக்கா இறங்கி நின்று, அவர்களுக்குக் கைகாட்டிவிட்டுத் தள்ளத் தொடங்குவார். எனக்கு அது அவமானமாக இருந்தது. "தள்ளிக்கொண்டு போறதும் போறதுதான்" என்பார். "ஓடிக்கொண்டு போறவனுக்கு முன்சில்லுத்தான் தெரியும்."

அவருக்கு எல்லாம் தெரிய வேண்டும். ஒருமுறை ஒரு பள்ளமான ஒழுங்கையில் போனோம். இரண்டு பக்கமும் மண்சுவர். எங்கள் தலைக்குமேலே மரவேர்கள். அதற்கும் மேலே எங்கோ வயல். அக்கா அப்படியே நின்றுவிட்டார். "எங்கட ஊரில றோட்டு மேல, வயல் கீழ. மாரியில தண்ணி நிக்குமெண்டு உயர்த்தித்தான் போடுவம். இங்க ஏன் மாறிக் கிடக்குது?" என்றார். எனக்கென்ன தெரியும்? வழியில் வந்த ஒரு விவசாயியை மறித்தார். வண்டிச் சில்லும் மழைத் தண்ணீரும் நூற்றுக்கணக்கான வருடங்களாக அரித்த பள்ளம் என்றார் அவர். தபால்காரப் பெண்ணையும் கேட்டார். ஆடுமாடு நடந்து தேய்ந்தது என்றாள். கடைசியில் தேநீர்க் கடைக்கார அம்மா, கள்ளக்கடத்தல்காரர்கள் ஒளிந்து போவதற்காகத் தோண்டியது என்று அடித்துச் சொன்னார். அக்கா மூன்றையும் எழுதிக்கொண்டார். அவருடைய ஆங்கிலம் அப்படியொன்றும் பெரிதில்லை. ஆனால் கேள்வி கேட்பதற்கு அது போதும் என்று நினைத்தார், போதுமாகத்தான் இருந்தது.

லூயிஷாமிலிருந்து தெற்கே கடல் வரைக்கும் போனால் மூன்று பெரிய மேடுகள் குறுக்கே கிடக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகக் கடந்து கடலுக்குப் போவது அக்காவின் திட்டம். முதலாவதை எத்தனையோ வழிகளால் ஏறி இறங்கினோம். இரண்டாவதை, ஆஷ்டவுன் காட்டுப் பக்கத்தால், போன கோடையில் முடித்தோம். மிஞ்சியிருந்தது டிச்லிங் பீக்கன். அதன் உச்சியிலிருந்து கடல் தெரியும் என்று யாரோ சொன்ன நாளிலிருந்து அக்காவுக்கு அதே யோசனை.

"நான் கடற்கரையில பிறந்து வளந்தனான். ஒருநாளும் மேல நிண்டு கடலைப் பார்க்கேல்லை. அப்பிடிப் பாத்தா, கடல் முடியிற கோடு எங்கட கண்ணுக்குக் கீழ போமோ? இல்லாட்டி எங்களோட சேர்ந்து மேல வருமோ?"

"பிளேனில பாத்திருப்பீங்கள்தானே?" என்றேன்.

"பிளேன் சரிஞ்சு சரிஞ்சு போகும். அதில என்ன அளவு எடுக்கிறது?"

நான் தொலைபேசியை எடுத்தேன். கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். "தெரியாட்டிக் கேக்கிறது. கேட்டும் தெளியாட்டி ஏறிப் பாக்கிறது. உதில பாக்கிறேல்லை."

இந்த வசந்தத்தில் அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. இதயம் பலவீனம், ஏற்றமே கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். ஷெரின் எனக்குத் தொலைபேசியெடுத்து அழுதாள். "அன்ரி, ப்ளீஸ், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ. நான் சொன்னாக் கேக்க மாட்டா. நீங்கள் வராட்டி அவ தனியப் போகமாட்டா." நான் வாக்குக் கொடுத்தேன். காரில் கூட்டிக்கொண்டு போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஷெரினும் அதைத்தான் கேட்டாள். "காரில போறதெண்டா எப்பவோ போயிருப்பன்" என்று அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாராம்.

மலைக்குப் போவது நின்றதால் பூசையும் ஞாயிறுக்கு மாறியிருந்தது. அடுத்த ஞாயிறு, அவர் பேருந்தில் வந்து இறங்கிப் பூசை கண்ட பிறகு, "எப்ப போவம்?" என்று கேட்டார். உங்களுக்கு ஏலாது அக்கா என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பீக்கன் றோட்டை மூடிப்போட்டாங்கள். தண்ணிக் குழாய் உடைஞ்சு கிண்டுறாங்களாம்" என்று அளந்துவிட்டேன். அன்றிலிருந்து எட்டு ஞாயிற்றுக்கிழமை, தவறாமல் கேட்டார். "றோட்டுத் திறந்திட்டுதோ?" இன்னும் இல்லை அக்கா என்பேன். "எத்தனை இஞ்சுக் குழாயாம்?" எனக்கு வியர்க்கும். "அவ்வளவு உயரத்துக்குத் தண்ணியை எப்பிடி ஏத்தினவங்கள்? மேல தண்ணித் தாங்கி இருக்கோ?" ஓம் அக்கா, பெரிய தாங்கி என்பேன். ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொன்று, அதற்கு இன்னொன்று என்று, ஏழாவது வாரம் அந்த மலையில் ஒரு நீர்வழங்கல் திட்டமே நடந்துகொண்டிருந்தது. அக்கா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தபிறகு, ஷெரின் எனக்குத் தேநீர் தந்துவிட்டுப் பக்கத்தில் இருந்தாள். "அன்ரி, அம்மாக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"றோட்டு மூடேல்லை எண்டு. நீங்கள் சொன்ன அடுத்த நாளே அந்தப் பக்கத்துக் கவுன்சிலுக்குப் போன் பண்ணிட்டா. எப்ப திறப்பீங்கள் எண்டு கேட்டிருக்கிறா. மூடவே இல்லையாம். நான் பயந்திட்டன். 'றெஜிக்குப் பொய் சொல்லவும் வராது, எனக்கு ஏலாதெண்டு சொல்லவும் மனம் வராது. அவளைக் குழப்பாதை' எண்டு சொன்னவா."

நான் சிரித்தேன். அழுதேன் என்றும் சொல்லலாம், இரண்டும் ஒன்றாகத்தான் வந்தது. எத்தனை இஞ்சுக் குழாய் என்று கேட்ட மனுஷிக்கு, குழாயே இல்லை என்று தெரிந்திருக்கிறது. என்னைச் சீண்டிப் பார்த்தாரா? ஒரு கிழமையாவது நான் உண்மையைச் சொல்லட்டும் என்று காத்திருந்தாரா? கேட்டறிய அவர் இல்லை. கேட்காமல் விட்டதற்கு அவர் என்னை மன்னிக்கவே மாட்டார்.

"ஒரு ஞாயிறு நான், திறந்திட்டுது, வாங்கோ அக்கா எண்டு சொல்லியிருந்தா?" என்று ஷெரினிடம் கேட்டேன்.

அவள் கோப்பையைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். "ஒவ்வொரு சனி பின்னேரமும் சைக்கிளுக்குக் காத்தடிச்சு வைச்சவா அன்ரி. பஸ்ஸிலதான் பூசைக்கு வாறவா. ஆனா காத்தடிப்பா."

அந்தச் சைக்கிளை ஷெரின் எனக்குத் தந்துவிட்டாள். எங்கள் வீட்டு நடையில் சுவரோடு சாய்த்து வைத்திருக்கிறேன். அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அதுவும், அதன் சில்லுகளுக்குள் அவர் கடைசிச் சனிக்கிழமை அடித்துவிட்ட காற்றும்தான். வேலைக்குப் போகுமுன் பெருவிரலால் அழுத்திப் பார்க்கிறேன். கொஞ்சம் இறங்கிவிட்டது. மேற்கொண்டு காற்றடிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.