கழற்றாத வளையம்

என் வீட்டுச் சுவரில் ஓர் ஆணியில் மஞ்சள் பிளாஸ்டிக் வளையம் ஒன்று தொங்குகிறது. உள்ளங்கை அகலம் இருக்கும். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் விவரங்களைப் பதிந்து வைத்த டேப் சுருளின் முதுகில் மாட்டுவது. வளையம் இருந்தால்தான் டேப்பில் எழுத முடியும். கழற்றிவிட்டால் படிக்கலாம், அழிக்க முடியாது.

எண்பதுகளில் துவாக்குடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் அறையில் நான் அட்டெண்டர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவன். டேப்பை மாட்டுவதும் இறக்குவதும் என் வேலை. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஆபரேட்டர் மேடம்தான் இயந்திரத்தை ஓட்டுவார். ஸ்டோரில் இருக்கும் போல்ட், பேரிங் எல்லாவற்றின் விவரமும் அதற்குள்தான். ஒவ்வொரு டேப் இறங்கியதும், "வளையம் கழட்டியாச்சா?" என்பார். "ஆச்சுங்க" என்பேன். கூச்சக்காரனான எனக்கு அதற்கு மேல் பேச்சு வராது. அந்த ஒரு கேள்விக்காகவே காலையில் சீக்கிரம் கிளம்பி வருவேன்.

பிறகு வேறு ஆபரேட்டிங் சிஸ்டத்தோடு புது இயந்திரம் வந்தது. பழைய பழக்கத்தில் ஏதாவது அடித்துவிட்டு, அது முரண்டு பிடித்தால் மேடம் சிரிப்பார். "அது எங்காத்து சமையல்கட்டு, இது மாமியார் ஆத்து சமையல்கட்டு. அதே அரிசிதான், உப்பு எங்கே இருக்குன்னுதான் தெரியல."

பழையதிலிருந்த விவரங்களை டேப்பில் எடுத்த அன்று மேடம் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, புது இயந்திரம் ஓடத் தொடங்கியதும் வேலையை விட்டுப் பம்பாய் போகிறாராம். டேப்பை இறக்கினேன். வழக்கம்போல் கேட்டார். லட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "ஆச்சுங்க" என்றேன். கழற்றவில்லை.

பழைய இயந்திரத்தில் இருந்ததையெல்லாம் அழித்து, அதை அனுப்பிவிட்டார்கள். மறுநாள் அந்த டேப்பைப் புதியதில் மாட்டினேன். நகலெடுக்கச் சொல்லும்போது, பழைய இயந்திரத்தில் விவரம் போய்ச் சேரும் இடத்தை முதலில் அடிக்க வேண்டும். புதியதில் அது கிளம்பும் இடத்தை முதலில் அடிக்க வேண்டும். மேடம் பழைய பழக்கத்தில் மாற்றி அடித்துவிட்டார். புது இயந்திரத்தின் வெறுமை டேப்பின் மேல் ஏறி, அதிலிருந்த விவரமெல்லாம் அழிந்தது. வளையம் இல்லாதிருந்தால் இயந்திரமே மறுத்திருக்கும். மேடம் டேப்பைத் திருப்பி, வளையத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"யாரும்மா பண்ணது?" என்றார் மேனேஜர்.

"நான்தான் சார். மாத்தி அடிச்சிட்டேன்."

நான் வாய் திறக்கவில்லை. எல்லாவற்றையும் திரும்ப ஏற்றாமல் வேலையிலிருந்து விடுவிக்க முடியாது என்றார் மேனேஜர். கல்யாணத்துக்கு இருபதே நாள்.

"நீங்க வாசிங்க, நான் அடிக்கிறேன்" என்றார் மேடம். பழைய இயந்திரம் முன்பு அச்சடித்துத் தந்திருந்த தாள்களிலிருந்து பதினோரு நாள் எண்களை வாசித்தேன். தொண்டை கட்டினால் தன் பிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் கொடுப்பார். வெட்கத்தோடு சொல்கிறேன், என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான நாட்கள் வேறில்லை.

திரும்ப அடித்ததையெல்லாம் பதிந்துகொண்டு கடைசி டேப் இறங்கியது. "வளையம் கழட்டியாச்சா?"

"ஆச்சுங்க."

"நெஜமாவா?"

கையிலிருந்த வளையத்தை நீட்டிக் காட்டினேன். சிரித்தார். "சரி, போயிட்டு வரேன்" என்று பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

இப்போது என் மகளின் போன் எல்லாவற்றையும் தானே சேமித்துக்கொள்கிறது. யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. வீட்டில் ஆளில்லாதபோது ஆணியிலிருந்து வளையத்தை எடுத்துத் துடைப்பேன். அப்போது மட்டும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன்: "இல்லீங்க மேடம், அன்னிக்கு நான் கழட்டல."