நான்கு மூலைக்கும் நாடா

என் கணவர் வேலை பார்க்கும் கம்பெனியில் ஒரு தீபாவளிக்கு, வழக்கமான எவர்சில்வர் டப்பாவுக்குப் பதிலாக ஆளுக்கு ஒரு கம்ஃபர்ட்டரை, பஞ்சு அடைத்த தடித்த போர்வையை, கொடுத்து அனுப்பிவிட்டார்கள். காற்றை எல்லாம் உறிஞ்சி பிளாஸ்டிக் பைக்குள் அடைத்திருந்தார்கள் போலிருக்கிறது. என் மாமியார் ஜிப்பைத் திறந்ததும் அது பொங்கி எழுந்து பாதிக் கூடத்தைப் பிடித்துக்கொண்டது. அத்தை பின்னால் நகர்ந்து நின்று, "இன்னாமா இது, பஞ்சு மூட்டையா?" என்றார். காஞ்சிபுரத்து வெயிலுக்கு இதைக் கொடுக்கத் தோன்றிய அந்த அதிகாரியை நான் மனதுக்குள் நன்றாகவே வைதேன். ஆனால் அது யாருக்குப் போக வேண்டும் என்பது எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

என் மாமனாருக்கு. அவர் தறி வீட்டில்தான் படுப்பார். நெய்பவர் காலை இறக்கி உட்காரும் தறிப் பள்ளத்தை ஒட்டிய சிமெண்டுத் தரையில் ஒரு பாய், ஒரு வேட்டி, அவ்வளவுதான். மார்கழி வந்தால் அந்தத் தரை ஈரத்தைக் குடித்துக்கொண்டு சில்லென்று கிடக்கும். விடியற்காலை கோயில் ஒலிபெருக்கி தொடங்கும் முன்பே அவருடைய இருமல் தொடங்கிவிடும்.

அவருக்கு நான் ஏதாவது செய்ய வேண்டும் என்று துடித்ததற்கு இருமல் மட்டும் காரணமில்லை. அவர் என்னோடு பேசுவதில்லை. நான் மாகறல் பக்கத்து விவசாயக் குடும்பம். அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பட்டு நெய்பவர்கள். நாங்கள் இருவரும் ஆசைப்பட்டுச் செய்துகொண்ட கல்யாணம். அவர் சண்டை போடவில்லை, கல்யாணத்துக்கு வராமலும் இருக்கவில்லை. வந்து ஓரமாக நின்று அட்சதை போட்டுவிட்டுப் போனார். அதோடு சரி. நான் கைக்கெட்டும் தூரத்தில் நின்றாலும் அத்தையைப் பார்த்துத்தான் சொல்வார்: "அந்தப் பொண்ண சாப்டச் சொல்லு." சண்டை போட்டிருந்தால்கூட நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். வாய் சும்மா இருக்கிற ஆள் இல்லை நான். சுவரோடு யார் சண்டை போட முடியும்?

இத்தனைக்கும் அவர் பேசாத மனிதரும் இல்லை. கீரை விற்க வருகிற பெண்ணுக்கு "வாம்மா", கூரியர் கொண்டுவருகிற பெண்ணுக்கு "கையெழுத்து எங்கமா போடணும்", பக்கத்து வீட்டு தெலுங்குக்காரர் மருமகளுக்கு "நல்லாருக்கியாமா". ஊரில் இருக்கும் பெண்களுக்கெல்லாம் தாராளமாகக் கொடுத்த அந்த 'மா'வை எனக்கு மட்டும் கொடுக்கவில்லை. அது எனக்கு வேண்டும் என்று இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த வீட்டில் எனக்கு வேறெதுவும் அவ்வளவு வேண்டியிருக்கவில்லை.

கம்ஃபர்ட்டரை அப்படியே கொடுக்க முடியாது. நல்ல வெள்ளை நிறம். ஒரு தடவை தண்ணீரில் முக்கினால் தூக்க ஆள் பிடிக்க வேண்டும், காய ஒரு வாரம் ஆகும். உறை போட்டால் உறையை மட்டும் துவைத்துக்கொள்ளலாம். நான் வீட்டிலேயே பிளவுஸ் தைப்பவள், புடவை முந்தானைக்குக் குச்சு கட்டித் தருபவள். தலையணைக்கு உறை தைப்பவளுக்கு இது பெரிய தலையணை, அவ்வளவுதானே என்று நினைத்தேன். கைப்பேசியில் ஒரு வீடியோவைப் பார்த்த பிறகுதான் புத்தி வந்தது. வெறுமனே உள்ளே திணித்தால் பஞ்சு நழுவி ஒரு பக்கமாகச் சேர்ந்துவிடுமாம். உறையின் உள்மூலைகளில் நாடா வைக்க வேண்டும், கம்ஃபர்ட்டரின் மூலைகளில் காதுபோல் சின்ன வளையம் வைக்க வேண்டும், இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டுப் பிறகு திருப்ப வேண்டும்.

வெளிர் நீலப் பாப்ளின் துணி எடுத்து, இரண்டு அகலம் சேர்த்து, தையல் வெளியே தெரியாமல் மடித்து அடித்தேன். கம்ஃபர்ட்டருக்கு நான்கு காது தைத்தேன். நாடாவுக்கு மட்டும் சாதாரணத் துணியை வைக்க மனம் வரவில்லை. குச்சு கட்டியது போக மிஞ்சிய பட்டு நூல் ஒரு டப்பா நிறைய இருந்தது. அரக்கும் பச்சையும் மாம்பழ மஞ்சளும் எடுத்து, மெல்லியதாகப் பின்னி, மூலைக்கு ஒரு ஜோடி வைத்தேன். பட்டு நெய்கிறவருக்குப் பட்டு நூல் பார்த்ததும் பிடிக்கும் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்குத்தான் என்னைக் கவிழ்த்தது.

தைத்து முடித்ததும் உறையைத் தனியாகவும் கம்ஃபர்ட்டரைத் தனியாகவும் மடித்து அத்தையிடம் கொடுத்தேன். நானே போய்க் கொடுத்து, இப்படி இப்படி மாமா, இந்த நாடாவை இந்தக் காதில் கட்ட வேண்டும் என்று காட்டியிருக்கலாம். பேசாதவரிடம் எதை வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்குவது? அவரே எப்படிப் போடுவது என்று கேட்கட்டுமே என்று ஒரு நப்பாசையும் இருந்தது. அதற்காகவேதான் அத்தையிடமும் விவரம் சொல்லவில்லை.

மறுநாள் காலை தறி வீட்டைப் பெருக்கும்போது, நூல் குப்பையோடு குப்பையாக என் நாடாக்கள் கிடந்தன. அரக்கு, பச்சை, மஞ்சள். ஒன்றுகூட விடாமல், தையலை ஒட்டி, சுத்தமாக வெட்டியிருந்தது.

எங்கள் வீட்டில் முடிச்சிலோ கயிற்றிலோ கத்தி வைக்க மாட்டார்கள். மாட்டுக் கயிறு எவ்வளவு இறுகிப் போனாலும் என் அப்பா உட்கார்ந்து பல்லால் கடித்தாவது அவிழ்ப்பார். வெட்டினால் அந்த மாடு வீட்டில் தங்காது என்பார். ஒருவரோடு இனி ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று சொல்வதற்குத்தான் எங்கள் ஊரில் "அறுத்து விட்டுட்டேன்" என்பார்கள். அந்தக் கண்ணோடு நான் அந்தக் குப்பையைப் பார்த்தேன்.

அடுப்படிக்குப் போய் கையை நீட்டிக் காட்டினேன். "அத்தை, இத யாரு வெட்டுனது?"

"உங்க மாமாதான்" என்றார், பொங்கிய சோற்றை இறக்கிக்கொண்டே. அதற்குள் பால்காரர் கூப்பிட, போய்விட்டார்.

அன்று மாலையே கம்ஃபர்ட்டர் திரும்பி வந்தது. "உள்ள நிக்க மாட்டேங்குதாம். கால்கிட்ட வந்து மூட்டையா சேந்துக்குதாம். வெறும் உறையே போதும், இத எடுத்துக்கினு போவச் சொல்ட்டாரு" என்றார் அத்தை. நிற்காதுதான். நாடாவை எல்லாம் வெட்டிப் போட்டுவிட்டு உள்ளே நில் என்றால் எது நிற்கும்? நான் ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் ஒரு நாள் சண்டையோடு போயிருக்கும்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. தனியாகப் போய்விடலாம் என்று என் கணவரைப் பிடுங்கி எடுத்தேன். காரணம் கேட்டார். "உங்க அப்பா அறுத்து விட்டுட்டாரு" என்றேன். அவருக்குப் புரியவில்லை. நான் விளக்கவும் இல்லை. தை பிறந்ததும் ஊரின் இன்னொரு பக்கம், ஒரிக்கையில், வீடு பார்த்துக்கொண்டு வந்துவிட்டோம். கிளம்பும்போது மாமனார் தறியில் உட்கார்ந்திருந்தார். ஊடை நூலை இழுத்துக்கொண்டு தறியின் நாடாக்கட்டை ஓடும் சத்தம் ஒரு தடவை நின்றது. பிறகு மறுபடி ஓடியது. கம்ஃபர்ட்டரும் எங்களோடு வந்து, நான்கு காதும் சும்மா இருக்க, பரண்மேல் ஏறியது.

மகள் பிறந்தாள். பண்டிகைக்குப் போவோம், சாப்பிடுவோம், திரும்புவோம். ஒரே ஊர்தான், பேருந்தில் ஏறி உட்காருவதற்குள் இறங்க வேண்டியிருக்கும். ஆனாலும் என் மகளுக்கு அது விருந்துக்குப் போகிற வீடாகவே இருந்தது. மார்கழிகளில் அவருக்கு இருமல் அதிகம் என்று என் கணவர் வந்து சொல்வார். நான் கேட்டுக்கொண்டு பாத்திரம் கழுவுவேன்.

போன வருஷம் மகள் பிறந்தநாளுக்குப் புது ஃப்ராக் போட்டு அங்கே கூட்டிக்கொண்டு போனோம். கடை ஃப்ராக்குகளில் தோள்பட்டைக்கு உள்ளே, ஹேங்கரில் மாட்டுவதற்காக இரண்டு ரிப்பன் வளையம் இருக்குமே, அதில் ஒன்று கழுத்துக்கு வெளியே எட்டிப் பார்த்தது. மாமனார் அவளை மடியில் இழுத்து உட்காரவைத்தார். ஃப்ராக்கின் ஓரத்தைப் புரட்டி, உள்பக்கத் தையலை விரலால் நெடுக வருடிப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து நூல் வெட்டும் சின்னக் கத்தரியை எடுத்து, அந்த வளையங்களைத் தையலை ஒட்டி, சுத்தமாக வெட்டினார். "பிசிறு தொங்குது கண்ணு. இப்போ பாரு, எவ்ளோ அழகாகீது" என்று அவள் கன்னத்தைக் கிள்ளினார்.

பாயசக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, விழுந்த வளையங்களைப் பொறுக்கி எடுத்தேன். அத்தை சிரித்தார். "அவரு அப்படித்தாமா. மனசுக்குப் புடிச்ச துணின்னா திருப்பிப் போட்டு, பிசிறு வெட்டி, தடவிப் பாக்காம வெக்க மாட்டாரு. புடிக்கலன்னா தொடவே மாட்டாரு. நீ ஒரு உறை தச்சு குடுத்தியே, அன்னிக்கு எவ்ளோ நேரம் ஒக்காந்து வெட்டிக்கினு இருந்தாரு தெரியுமா? 'பொண்ணு நல்லா தச்சிருக்குது, பிசிற மட்டும் எடுக்கல'ன்னாரு."

அந்தப் பொண்ணு இல்லை. வெறும் பொண்ணு.

தறியிலிருந்து இறக்கிய புடவையை அவர் எப்படிப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியாததா? முதலில் பின்பக்கத்தைத்தான் திருப்புவார். பூவுக்குப் பூ தொங்கும் நூலை எல்லாம் எடுத்துவிட்டுத்தான் முன்பக்கத்தையே பார்ப்பார். அந்த வீட்டில் இருந்த காலமெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டுதான் தறி வீட்டைப் பெருக்கினேன். உள்பக்கத்தில் தொங்கும் பட்டு நூலை ஒரு நெசவுக்காரர் வேறு என்னவென்று நினைப்பார்? வெள்ளைப் பருத்தி நாடா வைத்திருந்தால் தப்பித்திருக்கும். அழகு பார்த்தேன், அது பிசிறாகத் தெரிந்தது.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே அத்தை" என்றேன்.

"நீ கேக்கவேயில்லியேமா" என்றார்.

கை கழுவுகிற சாக்கில் தறி வீட்டுக்குப் போனேன். சுருட்டிய பாய்க்குமேல் அந்த உறை மடித்து வைத்திருந்தது. வெளிர் நீலம் துவைத்துத் துவைத்து வெளுத்து, பாப்ளின் மல் துணிபோல் மெலிந்திருந்தது. கம்பெனி கொடுத்ததைத் திருப்பி அனுப்பிவிட்டு, நான் தைத்ததை மட்டும் அவர் வைத்துக்கொண்டிருக்கிறார். எல்லா மார்கழியிலும் அந்த வெறும் உறையைத்தான் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார். உள்ளே இருக்க வேண்டிய பஞ்சு ஒரிக்கையில் என் பரணில் கிடந்தது. அந்தக் குளிரை நினைத்து அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இப்போது அவருக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டு, குளிர்காலத்தில் தறிப் பள்ளத்தில் இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குளிரால்தான் என்று யாரும் சொல்லவில்லை. யாரும் சொல்ல வேண்டியதும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கம்ஃபர்ட்டரை வெயிலில் உதறிப் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். வெளுத்த உறையின் உள்மூலைகளில் புதிதாக நாடா தைத்தேன், இந்தத் தடவை தடித்த வெள்ளைத் துணியில். கூடத்தில் பாயை விரித்து, அவர் கண்முன்னாலேயே நான்கு மூலையும் காதோடு சேர்த்துக் கட்டினேன். நாற்காலியில் இருந்து குனிந்து, ஒரு மூலையைப் பிடித்து முடிச்சை நெருடினார்.

"இன்னாவாம் இது?" பழக்கம்போல் அத்தையைப் பார்த்துத்தான் கேட்டார்.

அத்தை வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன். "நாடா மாமா. பஞ்சு உள்ள நழுவாம புடிச்சிக்கும். வெட்டிடாதீங்க."

அவர் அடுத்த மூலையைத் தடவினார். அதற்கடுத்ததையும் தடவினார். கை சட்டைப் பைக் கத்தரிமேல் போய் நின்றது.

"அப்போ அன்னிக்கு நான் வெட்டுனது..."

"ஆமா மாமா."

கத்தரிமேலிருந்து கையை எடுத்து, அந்த முடிச்சை ஒரு தடவை இறுக்கினார். பிறகு தலையை நிமிர்த்தி, முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லக் கூடாதாமா?"

நீங்களும்தானே பேசவில்லை என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். நியாயமும் என் பக்கம் பாதி இருந்தது. ஆனால் நான் இத்தனை வருஷம் கேட்க ஆசைப்பட்ட அந்த 'மா' என்ற ஒரு எழுத்து, அந்தக் கேள்வியின் கடைசியில்தான் ஒட்டிக்கொண்டு வந்தது. குனிந்து நாலாவது மூலையை, ஏற்கெனவே இறுக்கிக் கட்டியிருந்ததை, மறுபடி அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன்.