மறுபடியும் வெள்ளி

அமெரிக்காவின் கென்டக்கி மலைப்பக்கத்தில் வெர்னா ஸ்டிட்டம் என்பவளை எல்லோருக்கும் இரண்டு காரியங்களுக்காகத் தெரியும்: முடி வெட்டுவாள், பிடில் வாசிப்பாள். இரண்டுக்கும் இடது கை வேண்டும். அந்தக் கையின் விரல்கள் மரத்துப்போகத் தொடங்கியிருந்தன. மணிக்கட்டில் சின்ன அறுவை செய்தால் சரியாகிவிடும் என்றார் லெக்ஸிங்டன் நகரத்தில் இருந்த கை டாக்டர். காப்பீடு இல்லாமல் அதை நினைத்துப் பார்க்க முடியாது. சர்க்கரை வியாதிக்காரி என்று எந்தக் கம்பெனியும் அவளைச் சேர்த்துக்கொண்டதில்லை.

அந்தக் குளிர்காலத்தில் புதுச் சட்டம் வந்தது. ஏற்கெனவே இருக்கும் நோயைக் காட்டி இனி யாரையும் தள்ள முடியாது. வருமானத்தைப் பார்த்து அரசாங்கமும் காப்பீட்டுச் சந்தாவில் ஒரு பங்கு போடும். வெர்னாவின் கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் சட்டத்தைத் திட்டினார்கள். முடி வெட்டி முடியும்போது குரலைத் தாழ்த்தி, எங்கே போய்ச் சேருவது என்று கேட்டார்கள்.

நூலகத்தில். அவளுக்குத் தெரியும். தெரிந்தும் போகாமல் இருந்தாள். அங்கே மேசை போட்டு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தவள் மர்லீன். ஆகஸ்டு மாதப் பிடில் போட்டியில் எப்போதும் மர்லீனுக்குத் தங்கம், வெர்னாவுக்கு வெள்ளி. கடைக் கண்ணாடியைச் சுற்றி வெள்ளிப் பதக்கங்கள் தொங்கின. தங்கத்துக்கென்று அடித்த ஆணியில் தொப்பியை மாட்டி வைத்திருந்தாள்.

சேருவதற்கான கடைசித் தேதி நெருங்கியபோது போனாள்.

"வாடி. இன்னும் வரலையேன்னு பாத்தேன்."

"பேச்சை விடு. எனக்குத் தங்கம் போடு."

காப்பீட்டுத் திட்டங்களை வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று பிரித்திருந்தார்கள்.

"தங்கம்னா ஒசத்தின்னு அர்த்தமில்லடி. மாசாமாசம் கொஞ்சம் கூடுதலாக் கட்டினா, ஆஸ்பத்திரியில நம்ம பங்கு குறையும். அவ்வளவுதான். உன் வருமானத்தைச் சொல்லு."

சொன்னாள். மர்லீன் கணினியில் தட்டினாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"என்னடி சிரிப்பு?"

"சிரிக்கலையே. இதை எடு, அதை எடுன்னு நான் சொல்லக் கூடாது. அது விதி. சட்டத்துல இருக்கறதைச் சொல்லலாம். உன் வருமானத்துக்கு ஆஸ்பத்திரிச் செலவுல தள்ளுபடி உண்டு. ஆனா ஒரு வகைக்குத்தான்."

"எதுக்கு?"

"வெள்ளிக்கு."

வெர்னா எழுந்து கோட்டை மாட்டினாள். "இங்கயும் எனக்கு வெள்ளியா?"

"சட்டத்தை நானாடி எழுதினேன்? வந்து நீயே பாரு."

மர்லீன் திரையைத் திருப்பி வைத்தாள். வெர்னா கோட்டைக் கழற்றாமலே குனிந்து பார்த்தாள். தங்கத்தில் மாதச் சந்தாவும் அதிகம், அவள் கையைவிட்டுப் போகும் ஆஸ்பத்திரிப் பங்கும் அதிகம். தள்ளுபடிக்குப் பிறகு வெள்ளியில் இரண்டும் குறைவு. வெள்ளியிலேயே இரண்டு கம்பெனிகள் இருந்தன. ஒவ்வொரு கம்பெனியும் ஏற்கும் டாக்டர்களின் பட்டியலில் அவளே தேடினாள். ஒன்றில் கை டாக்டர் இல்லை. மற்றதில் இருந்தார்.

"இதைப் போடு," என்றாள், அந்தப் பெயரில் விரலை வைத்து. பிறகு, "என் கை இப்படியே கெடந்தா உனக்கு நல்லதுதானே?"

"போன தடவை மூணாவதா வந்தவன் வாசிச்சதைக் கேட்டல்ல? அவனை ஜெயிச்சு நான் என்ன பண்ண? பக்கத்துல நீ மொறைச்சாதான் எனக்கு வில்லே ஓடும்."

மார்ச்சில் அறுவை முடிந்தது. கோடையில் விரல்களுக்கு உணர்வு வந்துவிட்டது. ஆகஸ்டுப் போட்டியில் கேட்டவர்கள் எழுந்து நின்று கைதட்டும்படி வாசித்தாள். நடுவர்கள் தங்கத்தை மர்லீனுக்கே கொடுத்தார்கள்.

போட்டி முடிந்ததும் வழக்கம்போல எல்லோரும் சேர்ந்து வாசிக்க, கார்கள் நிற்கும் இடத்தில் கூடினார்கள். மர்லீன் தன் பதக்கத்தைக் கழற்றி நீட்டினாள்.

"இந்தா, மாத்திக்கறியா?"

"போடி. தள்ளுபடியெல்லாம் வெள்ளியிலதான்."

வெர்னா பிடிலைத் தோளில் வைத்தாள். மர்லீன் வில்லைத் தேடி எடுப்பதற்குள் அவள் பாட்டின் பாதி வரை போயிருந்தாள்.