எனக்குக் கிடைத்த லைட்டுக் கம்பம் வேஷம்

வானவடியில் அந்த ஹாலுக்குள் நுழைந்தாலே ஈரக் குடை வாடையும் பெயின்ட் வாடையும் சேர்ந்து அடிக்கும்... சனிக்கிழமை காலை, வெளியே புனே மழை, உள்ளே ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு நாடக வகுப்பு.

என் மகள் நித்யாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. யார் எது கேட்டாலும் பதில் சொல்ல அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்தக் கொஞ்ச நேரம் எனக்குத்தான் தாங்காது. அவள் பெயரை அவளிடம் கேட்டால்கூட, முந்திரிக்கொட்டை மாதிரி நான் சொல்லிவிடுவேன்.

நாடகம் சொல்லிக்கொடுத்த அனகா மேடம் இரண்டே வாரத்தில் என்னைக் கண்டுபிடித்துவிட்டார். அவர் வகுப்பில் பெற்றோரும் நடிக்க வேண்டும். "ஆப் கம்பா பனியே" என்றார். அதாவது, நான் லைட்டுக் கம்பம். வசனமே கிடையாது!

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே... வீட்டுக்காரரிடம் பொரிந்து தள்ளினேன்.

"சரியான ஆளுக்குச் சரியான வேஷம்தான் குடுத்திருக்காங்க" என்று மனுஷர் சிரிக்கிறார்.

நித்யா பஸ்ஸிலிருந்து இறங்கி, டீக்கடைக்காரரிடம் ஸ்டேஷனுக்கு வழி கேட்க வேண்டும். அவ்வளவுதான் காட்சி. ஆனால் இதைக்கூட அவளாகக் கேட்காவிட்டால், எனக்குப் பிறகு அவளுக்காக யார் கேட்பார்கள்? அந்த நினைப்பில் எனக்கு இருப்பே கொள்ளவில்லை.

நாடகத்தன்று தலையில் மஞ்சள் அட்டையோடு நிற்கிறேன். நித்யா வந்தாள். நின்றாள். விரல்களைப் பின்னிக்கொண்டாள்... டீக்கடைக்காரராக நடித்த இன்னொரு பிள்ளையின் அப்பா பொறுமையாகக் காத்திருக்கிறார். பத்து நொடி இருக்கும். என்னால் முடியவில்லை.

"பய்யா, ஸ்டேஷன் கிதர் ஹை?" என்று நான் கத்திவிட்டேன்!

நித்யா திரும்பி என்னை நோக்கி விரலை நீட்டினாள்.

"அம்மா, நீ கம்பம். கம்பம் பேசாது."

ஹாலில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அந்த விரல் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஒரே சிரிப்பு. வெட்கத்தில் எனக்குக் காதெல்லாம் எரிந்தது. சிரிப்பு அடங்கியதும் அவளே டீக்கடைக்காரரிடம் போய், நிதானமாக வழி கேட்டாள்.

இப்போது நித்யாவுக்கு ஹிஞ்சேவாடியில் ஒரு ஆபீஸில் ஸ்கேனிங் வேலை. காலை ஏழரைக்கு கேப் வரும். அவள் போன பிறகும் பால்கனிக்கும் வாசலுக்குமாக நான் நடந்துகொண்டேதான் இருக்கிறேன். அந்தச் சனிக்கிழமைகளை நினைத்தால் ஏக்கமாகக்கூட இருக்கிறது... அப்போது அவளுக்கு ஒவ்வொன்றுக்கும் நான் வேண்டியிருந்தது.

போன வாரம் நானும் நித்யாவும் லிஃப்டில் இறங்கும்போது, அவள் ஆபீஸ் எப்படிப் போகிறது என்று பக்கத்து ஃபிளாட் ஆன்ட்டி என்னிடம் ஹிந்தியில் கேட்டார். முன்பாயிருந்தால் கதவு மூடுவதற்குள் எல்லாவற்றையும் ஒப்பித்திருப்பேன். "அவளையே கேளுங்க" என்று ஹிந்தியிலேயே சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

லிஃப்ட் நாலு மாடி இறங்கியது. கீழே கதவு திறந்து, ஆன்ட்டி வெளியே காலை வைத்தபோதுதான் நித்யா வாய் திறந்தாள்.

"நல்லா இருக்கு ஆன்ட்டி. அங்க நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் எல்லாரும் வெயிட் பண்றாங்க."