ஜுரம் வரும் நாளில் திருப்பதிக்கு

காலை எட்டு மணிக்கு வடமாலபேட்டையில் பஸ் ஏறினோம், நானும் வீட்டுக்காரரும். திருப்பதி இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பெண்களுக்கு டிக்கெட் இலவசம். ஆதாரைக் காட்டினேன். மே மாத வெயிலில் மடியில் கம்பளி.

சென்னையில் கட்டட வேலை முடித்து வந்ததிலிருந்து நாற்பது நாளாக ஜுரம். ஒருநாள் விட்டு ஒருநாள், பதினோரு மணிக்குக் குளிர் எடுக்கும். மறுநாள் எழுந்து சோறாக்குவேன். நான் நடிப்பதாகச் சொன்னார் மாமியார். சித்தூர் ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை போனோம், ஜுரம் வராமல் நடக்க முடிந்த நாட்களில். உடம்பில் சூடில்லை. டைபாய்டு இல்லை. ஸ்கேனிலும் ஒன்றுமில்லை.

இன்று ஜுரம் வரும் நாள்.

"நாளைக்குப் போயிருக்கலாம். நாளைக்கு நீ நல்லா இருப்ப," என்றார் அவர்.

"நல்லா இருக்கிற நாள்ல போயி இன்னாத்த காட்றது?"

பக்கத்து சீட்டு அம்மா கம்பளியைப் பார்த்தாள். "மலைக்கா போறீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு. பதினோரு மணிக்கு எனக்கு ஜுரம் வரும்."

"பஸ்ஸு கூட அவ்ளோ கரெக்டா வராதும்மா."

ஒன்பதுக்குத் திருப்பதி. ஷேர் ஆட்டோ ஆளுக்கு இருபது ரூபாய். ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கி வரிசையில் உட்கார்ந்தோம். பத்தரைக்கே என் முறை வந்துவிட்டது. பின்னால் இருந்தவரை முன்னே அனுப்பினேன். அப்புறம் இன்னும் இருவரை.

"பைத்தியமா நீ? எல்லாரும் முன்னால போவ சண்ட போட்டுக்கினு இருக்காங்க," என்றார் வீட்டுக்காரர்.

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்க, நகம் நீலமானது. பல் அடித்துக்கொண்டது. பெஞ்சே ஆடியது. அவர் ஜுர மாத்திரையை நீட்டினார். வாயை இறுக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

டாக்டரம்மா தெர்மாமீட்டர் வைத்தார். நூற்று மூன்று. எங்கே வேலை செய்தாய் என்று கேட்டார். விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள்.

ஒரு மணிக்குத் தெரிந்தது. மலேரியா. கொசு விட்ட கிருமி ரத்தத்துக்குள் இருந்திருக்கிறது.

"தேடியிருந்தா மத்த நாள்லயும் கிடைச்சிருக்கும். யாரும் தேடல," என்றார் டாக்டரம்மா. பதினாலு நாள் மாத்திரை. உடம்பு தேறினாலும் நிறுத்தக்கூடாது.

மூன்று மணி பஸ்ஸில் திரும்பினோம். வியர்த்து, ஜுரம் இறங்கியிருந்தது. பாதி வழியில் அவர் கேட்டார்.

"நாளைக்கு உனுக்கு நல்ல நாளு. மாந்தோப்புல ஆள் கேக்கறாங்க, வர்றியா?"

"நாளைக்கும் நான் சீக்காளிதான். உங்கம்மாகிட்ட நீயே சொல்லு."

என் மடியிலிருந்த கம்பளியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"சொல்றேன்," என்றார்.