எங்கள் வாசலுக்கும் சோலைவரி

கினிகத்தேனைக்கு மேலே ரோட்டோரமாக இருந்த எங்கள் கடைத்தெருவை டவுன் எல்லைக்குள் சேர்க்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்ததும், இனி வரி வருமே என்று தெருவே தலையில் கை வைத்தது. எனக்கு மட்டும் சந்தோஷம் தாங்கவில்லை. வரி வருகிறது என்று யாராவது சந்தோஷப்படுவார்களா என்று கேட்பீர்கள். வரி போடுகிற வீட்டுக்கு வாசலில் நம்பர் எழுதுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அந்த நம்பர் எனக்கு வேண்டியிருந்தது.

நான் தோட்டத்தில் பிறந்தவன். அங்கேயும் நம்பர் உண்டு. லயத்து வீட்டுக்கு ஒரு நம்பர், செக்ரோல் பதிவில் ஆளுக்கு ஒரு நம்பர். ஆனால் அதெல்லாம் தோட்டத்துத் துரையுடைய நம்பர். வேலை நின்றால் நம்பரும் போய்விடும், குடியிருக்கிற காம்பிரா அறையும் போய்விடும். என் வீட்டுக்காரி போட்டிருந்த நகையைக் கழற்றித் தந்து, அதை விற்றுத்தான் ரோட்டோரத்தில் ஒரு துண்டு நிலம் வாங்கினோம். தகரம் போட்டுத் தேத்தண்ணிக் கடை வைத்தோம். முன்னால் கடை, பின்னால் குடித்தனம். அப்பன் முருகன் கிருபையால் பிழைப்பு நடந்தது.

ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அரசாங்கக் கச்சேரிக்குப் போனாலும் கேட்கிற முதல் கேள்வி, "எந்தத் தோட்டம்?" என்பதுதான். எங்கள் தோட்டத்து ஜனங்களுக்குப் பிரஜாவுரிமை இல்லை என்று தள்ளிவைத்திருந்த காலம் அது. "தோட்டத்தை விட்டு வந்துட்டேங்க" என்றால், "அப்ப எங்கே இருக்கே?" என்பார்கள். "பேக்கரிக்கு மேல, மதகுக்குப் பக்கத்துலங்க" என்பேன். எழுதுகிறவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார். எனக்குக் கூசும். மதகுக்குப் பக்கத்தில் தவளைதானே இருக்கும்.

ஒரு நாள் சந்தை வாசலில் டவுன் கவுன்சில்காரர்கள் நோட்டீஸ் ஒட்டினார்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வரைக்கும் படித்தவன் என்பதால் தெருவில் தமிழ் நோட்டீஸ் எது வந்தாலும் நான்தான் சத்தமாக வாசிப்பேன். அன்றைக்கும் வாசித்தேன். புது எல்லைக்குள் வருகிற இடங்களுக்குச் 'சோலைவரி' விதிக்கப்படும் என்று போட்டிருந்தது.

"சோலையா?" என்றார் பக்கத்தில் புடவைக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானா. "தேயில மலையில ஏது தம்பி சோல?"

"மரம், செடி, பூந்தோட்டம். அதானே நானா சோலை? அதுக்குத்தான் வரி போடுறாங்க."

"என்கிட்ட ஈக்கிறது ஒரே ஒரு பப்பாசி மரம். அதையும் கண்ணு வச்சிட்டானுகளா?"

பேக்கரி முதலாளி சிங்களவர். எங்களோடு பழகித் தமிழ் நன்றாகவே பேசுவார். அவர் குறுக்கே வந்து, "அது வரிபனம் தம்பி, வரிபனம்" என்றார்.

"வரிப்பணம்தான் முதலாளி, யாரு இல்லேன்னா? எதுக்கு வரிப்பணம்ங்கிறதுதானே பேச்சு?"

"அதுதான் சொல்றது, வரிபனம்!"

"நானும் அதைத்தானே சொல்றேன்!"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்களுக்குச் சொல்ல ஏலாது" என்று பாண் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நோட்டீஸை வாசித்தவன் நான், எனக்கே பாடம் சொல்கிறாரே என்று நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அன்று சாயந்தரமே நானா பப்பாசி மரத்தை வெட்டிச் சாய்த்தார். மரம் நிறையக் காய். வீட்டுக்கு வீடு கொடுத்தார். அந்தக் கிழமை முழுதும் தெருவில் எந்த அடுப்பைப் பார்த்தாலும் பப்பாசிக்காய்க் கறிதான். மற்றவர்களும் வேலியோரம் நின்ற கொய்யா, எலுமிச்சை என்று ஒவ்வொன்றாகக் கழித்தார்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் என் வீட்டுக்காரி செவ்வந்தியும் துளசியும் போட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் அவள் கட்டுகிற மாலை முருகன் கோயிலுக்குப் போகும்.

"இதுதான் தம்பி பெரிய சோல. ராவோட ராவா புடுங்கிப் போடுங்க" என்றார் நானா.

எனக்கோ யோசனை வேறு மாதிரி ஓடியது. சோலை பெரிதாக இருந்தால் வரி நிச்சயம். வரி நிச்சயமென்றால் நம்பரும் நிச்சயம். மறுநாள் விடிந்ததும் மண்வெட்டியை எடுத்தேன். வாழைக்கன்று வைத்தேன். எங்கிருந்தோ ரோசாப் பதியன் வாங்கி வந்து நட்டேன். வெயிலோ மழையோ, தேத்தண்ணிக்கு ஆள் இல்லாத நேரமெல்லாம் பாத்தியில்தான் கிடந்தேன்.

"என்னங்க, ஊரே வெட்டுது, நீங்க நடுறீங்க?" என்றாள் அவள்.

"சாமிக்குப் பூவாச்சு, நமக்கு நம்பராச்சு. தண்ணிய ஊத்து புள்ள."

அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஆனால் தண்ணீர் ஊற்றினாள். கல்யாணமான நாளிலிருந்து கேட்டும் நடாத ரோசாவை, டவுன் கவுன்சில் சொல்லி நட்டேன் என்று பிறகு பல காலம் சொல்லிக்காட்டினாள்.

ஒரு காலையில் வரி மதிப்பிடுகிற ஐயா வந்து இறங்கினார். யாழ்ப்பாணத்துக்காரர். கூடவே ஒரு பியூன், கையில் வெள்ளைப் பெயின்ட் வாளி. அந்த வாளியைப் பார்த்ததும், "முருகா, முருகா" என்று வாய் தன்னாலே சொல்லியது. பால் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவைக்கவும் மறந்து, பொங்கி வழிந்த பிறகுதான் ஓடினேன்.

ஐயா முதலில் நானா கடைக்குப் போனார். நானா கொல்லைக் கதவை அகலத் திறந்து, மொட்டையாகக் கிடந்த நிலத்தைக் காட்டிப் பெருமையோடு நின்றார். ஐயா அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. டேப்பைப் பிடித்துக் கடையை அளந்தார். வாடகைக்கு விட்டால் என்ன கிடைக்கும் என்று கேட்டார், எழுதிக்கொண்டார். பியூன் வாசலில் நம்பர் எழுதினான். நானாவின் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

அதைப் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை. ஐயா எங்கள் கடைக்குள் கால் வைத்ததும், "வாங்கய்யா, இந்தப் பக்கம்" என்று நேரே பின்னால் கூட்டிக்கொண்டு போனேன். வாழை, ரோசா, செவ்வந்தி என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன்.

"இதென்ன, பூங்கண்டுகளைக் காட்டுறீர்? நான் வீட்டை அளக்க வந்தனான்."

"சோலைவரி போட வேணாமாங்கய்யா?"

அவர் என்னைப் பார்த்தார், பாத்தியைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுச் சிரித்தார். "சோலைவரி எண்டால் சோலைக்கு இல்லையப்பா. வீடு, கடை, கட்டடத்துக்குப் போடுற வரி. சிங்களத்தில வரிபனம் எண்டு சொல்லுறது இதைத்தான்."

ரோட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பேக்கரி முதலாளி இரண்டு கையையும் தூக்கினார். "நான் சொன்னது! வரிபனம் என்று சொன்னது! இந்த மனுசன் கேட்டதா?"

"என்ட பப்பாசி!" என்று நானா அலறினார். தெருவே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்குத்தான் வரி என்றால் இன்னும் நல்லதுதானே!

அந்தச் சிரிப்பு அடங்குமுன் ஐயா ஒரு படத்தை விரித்தார். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "எல்லை இந்த மதகும் வாய்க்காலும்தான்" என்றார். மதகிலிருந்து வருகிற வாய்க்கால் எங்கள் வீட்டுக்கு அடியில்தான் ஓடியது. கடை இந்தப் பக்கம். அடுப்படியும் படுக்கிற அறையும் அந்தப் பக்கம்.

"பாதி உள்ளுக்கு, பாதி வெளியில. சரி, வெளியில எண்டே எழுதிவிடுறன். உமக்கு வரி இல்லை. சந்தோஷம்தானே?"

"தம்பி தப்பிச்சிட்டாரு!" என்றார் நானா.

எனக்கு எங்கே சந்தோஷம்! வெளியில் என்றால் பழையபடி தவளைதான். வெட்கத்தை விட்டுக் கைகூப்பினேன். "ஐயா, கும்பிட்டுக் கேக்கிறேன். என்னைய உள்ள போடுங்க."

"வரி போடச் சொல்லியோ கேக்கிறீர்?"

"நம்பர் வேணுங்கய்யா. எந்தத் தோட்டம்னு கேக்கிறாங்க. எங்களுக்குத் தோட்டம் இல்லீங்க. வீடுதான் இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. படத்தில் மதகின்மேல் மறுபடி விரலை வைத்தார். பிறகு, "வாசல் எந்தப் பக்கம்?" என்றார்.

நான் வாய் திறக்குமுன் உள்ளேயிருந்து என் வீட்டுக்காரியின் குரல் வந்தது. "கிழக்குப் பாத்த வாசல்ங்க! கோயில் ஐயரு நாள் பாத்துக் குடுத்து வச்ச நிலை. மதகுக்கு இந்தப் பக்கந்தான். வந்து அளந்து பாருங்க!"

டேப்பின் ஒரு நுனியை அவளே வந்து மதகில் பிடித்தாள். ஐயா நிலைப்படி வரைக்கும் இழுத்துப் பார்த்தார். "வாசல் எங்கையோ அங்கதான் வீடு. உள்ளுக்கு எண்டு எழுதுறன்" என்றார். பியூன் பெயின்டில் தூரிகையை முக்கினான்.

கடைத்தெருவின் கடைசி நம்பர் எங்களுடையது. அவன் எழுதி முடித்ததுதான் தாமதம், என் வீட்டுக்காரி சந்தனமும் குங்குமமும் கொண்டுவந்து அதன்மேல் பொட்டு வைத்துவிட்டாள். "ஐயோ அக்கா, காயலையே!" என்று பியூன் கத்தினான். நம்பர் ஒரு பக்கம் இழுபட்டுப் போனது. அவன் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி எழுதினான். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வரி கட்டச் சொன்ன முதல் நாளே குளித்து, திருநீறு பூசி, கோயிலுக்குப் போய்விட்டு நேரே டவுன் கவுன்சில் கந்தோருக்குப் போனேன். "வரி கட்டவா, கல்யாணத்துக்கா?" என்று கிளாக்கர் கேட்டார். "ரெண்டும் ஒண்ணு மாதிரிதானுங்க" என்றேன். அன்று சாயந்தரம் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி சும்மா கொடுத்தேன். பேக்கரி முதலாளிக்கு முதல் கோப்பை. அவர் வாங்கிக்கொண்டு, "வரிபனம்" என்றார். "வரிபனம்" என்று நானும் ஒழுங்காகத் திருப்பிச் சொன்னேன்.

"சிரிங்க தம்பி, சிரிங்க" என்றார் நானா. "வருசா வருசம் கூட்டுவானுக. அப்ப பாப்பம் இந்தச் சிரிப்ப."

"கூட்டட்டும் நானா. இன்னும் ஒரு அறை இறக்கப்போறேன். அதுக்கும் சேத்தே போடட்டும்."

சொன்னபடியே தை பிறந்ததும் அறைக்குக் கால் நட்டேன். மதகுக்கு இந்தப் பக்கமாகத்தான்.